சனிக்கிழமைத் தவணை

இருநூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது பைசா. ராஜரத்தினம் தன் பெண்டாட்டி தேசம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் என்னய்யா கடன் என்று கேட்கிறவர்கள் தேசம்மாவை அறியாதவர்கள். மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டில் தலைச்சுமையாகக் கீரை விற்றவள் அவள். வெயில் தலையில் இறங்காமல் ஓட்டுக்குக் கீழே உட்கார ஓர் இடம் வேண்டும் என்று வாரச் சீட்டுக் கட்டி முன்பணம் சேர்த்தாள். அதில் இருநூறு ரூபாய் தி.நகர் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் பாத்திரக் கடைக்கு ஜாமீனாகப் போனது. மிச்சம் பதினேழரை ராஜரத்தினத்துக்கு ஒரு பேண்ட், ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு ஜோடி செருப்பு.

அதே கடைக்கு மாம்பலம் கூட்ஸ் ஷெட்டிலிருந்து கைவண்டி இழுத்தவன்தான் ராஜரத்தினம். கயிறு அழுத்தி அழுத்தி இடது தோளில் ஒரு கொழுக்கட்டை அளவுக்குக் காய்த்திருந்தது. வீடு வீடாகப் போய்த் தவணைக்குக் குக்கர் விற்க ஆள் வேண்டும், ஜாமீன் கட்டினால் யாரும் வரலாம் என்று அண்ணாச்சி சொன்னபோது அவனுக்கு நாற்பது வயது. ரங்கநாதன் தெரு மேட்டில் வண்டியை ஏற்றும்போது கண் இருட்டத் தொடங்கியிருந்தது.

"இனிமே வண்டி வலிக்க முடியாது தேசம். மூணே மாசம். திருப்பிக் குடுத்துட்றேன்."

"குடுப்ப இல்ல?"

"உம்மேல சத்தியமா."

மூன்று மாதத்தில் அவன் விற்றது ஒரே ஒரு குக்கர். மார்க்கெட் இடத்தை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள். தேசம்மா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். தை மாதம், அறுப்புக் கூடையில் இரண்டு புடவையைச் சுருட்டி வைத்துக்கொண்டு, திருவான்மியூரில் அண்ணன் துலுக்காணம் வீட்டுக்குக் கிளம்பினாள். துலுக்காணம் கோயிலுக்குப் பின்பக்கம் மணல் நிலத்தில் குத்தகைக்குக் கீரை போடுகிறவன்.

"அந்த மார்க்கெட்ல அவ குந்திகினு கீறத என்னால பாக்க முடியாது யா. சனிக்கெழம சனிக்கெழம வருவேன். ஆனத குடு," என்றாள்.

*

அண்ணாச்சி கடையில் குக்கர் விற்கும் ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவர் மெஹபூப் அலி. ராயப்பேட்டைக்காரர். ராஜரத்தினத்தின் வயதுதான். எல்லாரும் அவுல்தார் பாய் என்பார்கள். சீனாச் சண்டையில் ஒயர்லெஸ் பெட்டி சுமந்து பனிமலைக்குப் போய், பிடிபட்டு, சில மாதம் அவர்கள் முகாமில் கிடந்து, வலது காலில் இரண்டு விரல்களை அந்தப் பனிக்கே கொடுத்துவிட்டுத் திரும்பியவர். நடையில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும்.

தேசம்மா கிளம்பிப் போன அந்த வாரம் பனகல் பார்க் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்றார்கள்.

"இன்னா ரத்தினம், மூஞ்சி தொங்குது?"

"எந்த வூட்டுக்குப் போனாலும் கதவ சாத்துறாங்க பாய். குக்கர பாக்கறதுக்கு முன்னாடி என் தோள பாக்கறாங்க."

"நீ பெல்ல அடிக்கற, கதவு தொறந்தவொடனே குக்கர தூக்கி மூஞ்சிக்கு நேரா காட்ற. கோட்டைக் கதவ போயி மண்டையால முட்டிகினு கீற. கேம்ப்ல லின்னு ஒரு ஆபீசர் இருந்தான். ஒடைஞ்ச இந்தி பேசுவான். அவங்கூர்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு மின்ன ஒரு படைத்தலைவன் இருந்தானாம். சண்டைக்கின்னே கணக்கு கணக்கா சொல்லி வெச்சிட்டுப் போயிருக்கான். நாங்க தோத்துப் போயி குந்திகினு கீறோம், எப்டித் தோத்தோம்னு எங்களுக்கே கிளாஸ் எடுப்பான்."

"தோத்தவனுக்கு இன்னாத்துக்கு பாய் கிளாஸு?"

"குளுருது, துன்ன ஒண்ணுமில்ல, வேற இன்னா வேல? கேட்டுக்குவோம். கத்திய எடுக்காம ஜெயிக்கறவன்தான் கில்லாடின்னான். எதிர்ல கீறவன் இன்னா துன்றான், எப்ப தூங்கறான், எதுக்கு பயப்பட்றான், அது தெரியாம கெளம்பாதன்னான். வளைச்சிப் புடிச்சா ஒரு சந்து உட்டு வை, ஓட வழியில்லாதவன் பல்லால கடிப்பான்னான். நான் அத்த வெச்சித்தான் குக்கர் விக்கறேன். அண்ணாச்சிக்குத் தெரியாது. தெரிஞ்சா சீனாக்காரன் சரக்குன்னு பயந்துக்குவாரு."

ராஜரத்தினம் சிரித்தான். தேசம்மா போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான்.

*

கபாலி கோயில் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சூடாமணி மாமியின் வீடு. பிள்ளை சுந்தரராமன் சர்க்கார் உத்தியோகம், மருமகள் ஜானு. முன்னே ஒரு முறை ராஜரத்தினம் அங்கே போய்க் கேட்டபோது மாமி நடையைத் தாண்ட விடவில்லை.

"அங்கேயே நில்லு. எங்காத்துல வெண்கலப்பானை சாதம்தான். அந்த விசிலடிக்கற பூதமெல்லாம் வேண்டாம். அடையாறுல ஒரு ஆத்துல வெடிச்சு, கூரையைப் பொத்துண்டு போயிடுத்தாமே!"

மாமியின் கோட்டை அந்த வெண்கலப்பானை. அதை முட்டினால் மண்டைதான் உடையும். அந்தத் தெரு எதற்குப் பயப்படுகிறது என்று ராஜரத்தினம் பார்த்தான். மண்ணெண்ணெய் அடுப்புக்குக் கிருஷ்ணாயில் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்பட்டது. அந்த வருஷம் கிருஷ்ணாயில் தங்கமாகப் போயிருந்தது. ரேஷன் கடை முன்னால் விடிவதற்கு முன்பே தகரடின்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். டின்னுக்குப் பக்கத்தில் ஆபீஸ் சட்டை போட்டவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ராஜரத்தினமும் போய் வரிசையில் நின்றான். சுந்தரராமனுக்கு டின் தூக்கத் தெரியவில்லை. கைப்பிடி வெட்டி விரல் சிவந்துபோகும். "குடு சார்," என்று வாங்கித் தோளில் வைத்து வீட்டு வாசலில் இறக்கினான். வாரா வாரம் இறக்கினான். குக்கர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பேசாமல் இருப்பது வண்டி இழுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. பழகிக்கொண்டான்.

பங்குனியில் ஒரு நாள் ஜானுவே கேட்டாள். "ஏம்ப்பா, தெருக்கோடி வேதாந்தம் மாமா ஆத்துல மட்டும் ஒரு டின் எப்படி மாசம் பூரா வரது?"

"எனக்கின்னாம்மா தெரியும்? அங்க குக்கர் வெச்சிகினு கீறாங்க. அதுவா இருக்கும்," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனான்.

மறுவாரம் மாமியே கூப்பிட்டாள். "ஏண்டாப்பா, அந்த பூதத்தைக் கொண்டு வா. பாக்கறேன்னுதான் சொன்னேன், வாங்கறேன்னு சொல்லலை."

கொண்டுவந்து வைத்தான். ஒரு சந்தும் விட்டுவைத்தான். "மாமி, வெண்கலப்பானைய ஓரம் கட்டிடாதீங்க. நாளும் கெழமையும்னா அதான். இது சும்மா பருப்பு வேகறதுக்கு."

மாமியின் முகம் தளர்ந்தது. "அதான் நானும் சொல்றேன். பருப்புக்கு மட்டும்."

அந்த மாதம் அந்தச் சந்தில் பாதி வீடுகளில் விசில் சத்தம் கேட்டது. மாமியே எதிர்வீட்டுக்குச் சொல்லியனுப்பினாள், பருப்புக்கு மட்டும் என்று. மயிலாப்பூர் முடிந்து மந்தைவெளி, அப்புறம் ஆற்றைத் தாண்டி அடையாறு. ராஜரத்தினத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தத் தெரிந்தது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தது. கண்ணாடி வைத்த பங்களாவிலும் கேட்டைத் திறந்து உள்ளே நடக்கத் தெரிந்தது.

சித்திரை மாதம் அண்ணாச்சி கல்லாவிலிருந்தபடியே கூப்பிட்டார்.

"ஏலே, வண்டி இழுத்த பயலா நீ? கொன்னுட்டடே! ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்க. கடைசித் தவணையை மட்டும் சும்மா வாங்கிட்டு வந்துராத. அது கைக்கு வாரதுக்கு முன்னாலயே இட்லித் தட்டோ தூக்குவாளியோ அங்கன போயி உக்காந்துரணும். கணக்கு முடிஞ்சுதுன்னா வாசல் அடைஞ்சுது, பாத்துக்க."

"சரி அண்ணாச்சி," என்றான் ராஜரத்தினம். ஆனால் அந்தப் பேச்சு அவன் மனசில் குக்கர்கள் இருந்த இடத்தில் போய் விழவில்லை. மந்தைவெளியில், தன் அறை வாசற்படியில் போய் விழுந்தது.

*

சனிக்கிழமை நாலு மணி வாக்கில் தேசம்மா வருவாள். உள்ளே வரமாட்டாள். வாசற்படியில் கூடையை இறக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்காருவாள். அவள் வந்தால் அந்த ஓட்டுவீட்டு வரிசை முழுக்க ஈரக்கீரை வாசம் அடிக்கும். அவன் ஆரம்பத்தில் இல்லாமையால் மூன்று ரூபாய் கொடுத்தான். கையில் பணம் புரள ஆரம்பித்த பிறகும் மூன்று ரூபாய்தான் கொடுத்தான். மீதியைக் கட்டிலுக்குக் கீழே தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினான். வைகாசியிலேயே முழுக்கடனும் அந்தப் பெட்டியில் சேர்ந்துவிட்டது.

கட்டிவிட்டால் அடுத்த சனிக்கிழமை யார் வருவார்?

அவள் போன பிறகு படியில் பொன்னாங்கண்ணி இலை ஒன்றிரண்டு ஒட்டிக்கிடக்கும். திங்கட்கிழமை வரை அந்த இடத்தை அவன் பெருக்குவதில்லை.

ஒரு நாள் பாய் இன்னொரு கதை சொன்னார். மலையில் எதிர்ப்பக்கம் ராத்திரியில் நாலே நாலு இடத்தில் நெருப்பு எரிந்ததாம். ஏதோ கொஞ்சம் பேர்தான் என்று இவர்கள் அசந்திருந்தார்களாம். விடிந்து பார்த்தால் மலை முழுக்க ஆள். "பலம் கீறப்பதான் இல்லாத மாதிரி காட்டணும்ன்றது அந்தக் கணக்கு," என்றார்.

ராஜரத்தினம் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கெல்லாம் வந்து இஸ்திரிச் சட்டையைக் கழற்றி மடித்து ஒளித்துவைப்பான். முதுகில் கிழிந்த பழைய பனியனை மாட்டிக்கொள்வான். அடுப்பை மூட்டமாட்டான். யாவாரம் எப்படி என்று அவள் கேட்டால், "இன்னாமே யாவாரம், நாஷ்டாவுக்கே தாளம் போடுது," என்பான்.

அந்த ஏற்பாடு வேலை செய்தது. ஆனி மாதத்திலிருந்து அவள் வெறுங்கையோடு வருவதில்லை. அலுமினியத் தூக்கில் முருங்கைக்கீரைப் பொரியலும் சோறும் கொண்டுவருவாள். ஒருநாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அதிகமாக உட்கார்ந்திருப்பாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவன் வாரம் முழுக்க வெயிலில் நடந்தான்.

பாய்க்கு விஷயம் தெரிந்தபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"அரே, கட்டின பொண்டாட்டியாண்டவா படை நடத்துற?"

"வேற எப்டி பாய் வர வெக்கறது?"

பாய் செருப்பைக் கழற்றி, விரலில்லாத இடத்தைத் தடவிக்கொண்டார். "அந்த லின் ஆபீசர் கீறானே, எல்லா கணக்கும் தெரிஞ்சவன். ஒரு நாளு சாயங்காலம் என்னாண்ட வந்து, உங்கூர்ல சோறு எப்டி வடிப்பாங்கன்னு கேட்டான். சொன்னேன். எங்கம்மாவும் அப்டித்தான் வடிப்பான்னான். அவ மூஞ்சப் பாத்து ஏழு வருசம் ஆவுதுன்னான். அதுக்கு அவங்கிட்ட ஒரு கணக்கும் இல்ல ரத்தினம்."

அடுத்த சனிக்கிழமையும் ராஜரத்தினம் அந்தப் பனியனைத்தான் மாட்டினான்.

*

ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. வரமாட்டாள் என்றுதான் நினைத்தான். நாலரை மணிக்கு, கால் முட்டிவரை சேறோடு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தேசம்மா வந்து நின்றாள். படி நனைந்துபோயிருந்ததால் அன்றைக்கு உள்ளே வந்தாள். தை மாதத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. சுற்றிப் பார்த்தாள். அடுப்பில் சாம்பல் இல்லை. அவன் முதுகைப் பார்த்தாள்.

"துன்னு," என்று தூக்கைத் திறந்து வைத்தாள். சூடு ஆறாத சோறு. வாழைக்காய் போட்ட காரக்குழம்பு.

அவன் சாப்பிட்டான். வெளியே ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன் நெலத்துக்குப் பக்கத்துல ஒரு துண்டு குத்தகைக்கு வருது யா," என்றாள். "கெணத்துத் தண்ணில பங்கு கீது. நெலத்துக்காரரு முன்பணம் கேக்கறாரு. திங்கக்கெழம குடுத்தா எனக்கு."

ராஜரத்தினம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். இப்போது கேட்பாள், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மனசு ஓடியது. அந்தத் துண்டு நிலம் கிடைத்துவிட்டால் அவள் திருவான்மியூர்க்காரியாகிவிடுவாள். இந்தப் பக்கம் அவளுக்கு ஒன்றுமே இருக்காது.

"பணத்துக்கு இன்னா பண்ணுவ?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அதெல்லாம் ஆச்சி. நான் வேற ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். இந்த மழையில வந்ததே அதுக்குத்தான்." தேசம்மா சேறு காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்னும் நூத்தி நாப்பத்திரெண்டரை கீது இல்ல? அத்த நீ தர வேணாம். உட்டுட்டேன்."

"இன்னாமே சொல்ற?"

"உன் முதுக பாத்துகினு மூணு ரூவா வாங்கினு போவ எனக்கு முடியல யா. பஸ்ல போவ சொல்ல எனக்கே கேவலமா கீது. மனுசன் பட்டினி கெடக்கறான், நான் கடன்காரி மாதிரி வாசல்ல வந்து குந்திகினு... வேணாம். நீ துன்னு. இனிமே நான் வரல."

அப்போதுதான் அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். காதில் கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க இரண்டு பக்கமும் துடைப்பக்குச்சியைக் கிள்ளிச் செருகியிருந்தாள்.

"கம்மல் எங்க?"

"வர்ற வழில சேட்டுகிட்ட வெச்சிட்டேன். அறுப்புக்கு அறுப்பு கட்டி மீட்டுக்குவேன். அதுக்கு இன்னா இப்ப?"

கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்ட கம்மல் அது. மார்க்கெட் இடத்துக்காகக்கூட அவள் அதைக் கழற்றியதில்லை.

ராஜரத்தினம் எச்சில் கையோடு எழுந்தான். கழுவக்கூட இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தான். திறந்தான். அஞ்சும் பத்துமாக அடுக்கி ரப்பர் வளையம் போட்ட கட்டு, பக்கத்தில் கொஞ்சம் சில்லறை. அதற்கு மேலே இஸ்திரிச் சட்டைகள் மூன்று. எல்லாவற்றையும் எடுத்து அவள் முன்னால் தரையில் வைத்தான்.

தேசம்மா ஒரு சட்டையின் மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"யார் துட்டு?"

"என்துதான்."

"எப்பலேர்ந்து கீது?"

"வைகாசிலேர்ந்து."

"அப்ப இந்தப் பனியன்?"

அவன் சட்டைகளைப் பெட்டிக்குள் தள்ளப் பார்த்தான்.

"சொல்லு யா. இந்தக் கிழிஞ்ச பனியன் இன்னாத்துக்கு? எரியாத அடுப்பு இன்னாத்துக்கு? எங்கண்ணி வாய்க்குள்ளயே திட்டிகினு கீறா, அவ சட்டியிலேர்ந்து நான் உனக்குக் கொழம்பு ஊத்திகினு வரேன். இன்னாத்துக்கு?"

"தீந்துட்டா நீ வரமாட்ட இல்ல..."

"என்னாண்டயும் குக்கர் வித்தியா?" தேசம்மாவின் குரல் உயரவில்லை. "ஊருக்கெல்லாம் எப்டி வலை வெக்கிறியோ அப்டியே எனக்கும் வெச்சியா?"

மழை சற்று விட்டிருந்தது. பக்கத்து அறையில் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கண்ணன் வண்டி தெனம் காலைல தண்ணித்துறை மார்க்கெட்டுக்குத்தான் வருது, தெரியுமா உனக்கு?" என்றாள். "மூணு ரூவாய வண்டிக்காரனாண்ட குடுத்தனுப்புன்னு சொல்லியிருந்தா முடிஞ்சி போச்சி. நான் எதுக்கு யா ரெண்டு பஸ்ஸு மாறி, அதுல முக்கா ரூவாய பஸ்ஸுக்கே குடுத்துட்டு இங்க வந்து குந்திகினு இருந்தேன்?"

மயிலாப்பூரில் எந்த வீட்டில் எத்தனை மணிக்கு உலை வைக்கிறார்கள் என்று ராஜரத்தினத்துக்குத் தெரியும். அடையாற்றில் எந்த பங்களா அம்மா எதற்குப் பயப்படுவாள் என்று தெரியும். இது தெரியவில்லை.

"அடையாறு வரைக்கும் விக்க வருவியாமே? அங்கேர்ந்து ஒரே பஸ்ஸு. ஒரு தபா, ஒரே ஒரு தபா, தேசம்மா எப்டி கீறான்னு வந்து பாத்தியா?"

அவள் பணத்தை எண்ணினாள். நிதானமாக, கீரைக்கட்டு எண்ணுகிற மாதிரி. நூற்று நாற்பத்திரண்டரையை எடுத்துக்கொண்டு மீதியை அவன் பக்கம் தள்ளினாள். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

"தீந்துச்சி."

"தேசம்."

"சேட்டு கட சாத்தறதுக்குள்ள போவணும்."

"தேசம், வூட்டுக்கு வந்துடு."

சுற்றி வளைக்காமல், சந்து எதுவும் விடாமல், கதவுக்கு நேராக நின்று அவன் கேட்டது அதுதான். இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவன் வாயில் எடுத்ததே இல்லை. தேசம்மா அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டி, இறங்காமல் நின்றது.

"இத்த கேக்கறதுக்கு உனக்கு இத்தினி நாளாச்சி," என்றாள். "வெத தூவப் போறேன் யா. எனக்குன்னு ஒரு துண்டு. திங்கக்கெழம."

"அப்பால?"

தேசம்மா எச்சில் தட்டையும் தூக்கையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மணல் போட்டுத் தேய்த்தாள். தட்டைக் கொண்டுவந்து அவன் அறையில் கவிழ்த்தாள். தூக்கைக் கூடையில் வைத்தாள். சாக்கை உதறி மடித்தாள். ஒன்றையும் மறந்து வைத்துவிட்டுப் போகவில்லை.

சந்து முனையில் அவள் திரும்பும்வரை ராஜரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தான். இருநூற்றுப் பதினேழரையும் அடைந்துவிட்டது. அவன் யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். அந்த அறைக்குள் உட்கார முடியாமல் வெளியே வந்து தூறலில் நின்றான்.